பள்ளத்தூர் வீட்டுக்குப் புதுக் கீசர்: பழையது ஏன் போனது என்று முதலில் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பள்ளத்தூரில் பழைய வீடு. பெற்றோர், அதாவது ஆத்தாவும் அப்பச்சியும், மட்டும் இருக்கிறார்கள், நீங்கள் பெங்களூரில். பின்கட்டுக் குளியலறையில் ஒன்பது வருடமாக இருந்த 25 லிட்டர் கீசர் அடியில் ஒழுகத் தொடங்கிவிட்டது, தண்ணீரும் துரு நிறத்தில் வருகிறது. கடைக்காரர் மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்கச் சொல்கிறார், மைத்துனர் கேஸ் கீசர் என்கிறார், நண்பர் சோலார் என்கிறார். தை மாதம் அப்பச்சிக்குச் சதாபிஷேகம், வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். எதை வாங்குவது?

நான் காரைக்குடியில் 26 வருடமாக வயரிங், பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறவன். எந்த கம்பெனி, எத்தனை லிட்டர் என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பழைய கீசர் எதனால் போனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் கீசர் நிறையக் குளித்துத் தேய்ந்து போவதில்லை. வருடத்தில் நாலைந்து மாதம்தான் அதற்கு வேலையே. அதைக் கெடுப்பது தண்ணீரும் பூட்டிக் கிடக்கும் வீடும்தான், கெட்ட கீசரை ஆபத்தாக்குவது எர்த் இல்லாத பழைய வயரிங். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு எதை மாட்டினாலும் அதற்கும் இதே கதிதான்.

போன வருடம் கண்டனூரில் ஒரு வீட்டில் இப்படி ஒழுகிய கீசரைக் கழற்றினேன். அடி மூடியின் போல்ட்டுகளை எடுத்ததும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்ட மாதிரி வெள்ளைச் சில்லுகள் கலகலவென்று வாளியில் கொட்டின. இரண்டு கைகளாலும் அள்ளும் அளவு இருந்தது. தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு உறை. அதன் பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு மெக்னீசியம் ராடு இருந்திருக்க வேண்டும், அனோடு என்பார்கள். நான் பார்த்தபோது நடுவில் இருக்கும் கம்பி மட்டும்தான் மிச்சம். வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "இந்தக் கம்பி எதுக்குப்பா?" என்று கேட்டார்கள். அதுதான் கீசரின் உயிர் என்று சொன்னேன்.

அந்த வெள்ளைச் சில்லு கால்சியம் கார்பனேட். உங்கள் வீட்டு வளவுச் சுவரில் கண்ணாடிபோல் மின்னுகிறதே சுண்ணாம்புப் பூச்சு, அது காய்ந்து இறுகியபின் ஆவதும் இதே பொருள்தான். கடினத் தண்ணீரில் இது கரைந்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கும்போது பிரிந்து காயிலில் ஒட்டும். 60 டிகிரிக்கு மேல் போகப் போக இன்னும் வேகமாகப் படியும். படிவு ஏறிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்கு விட முடியாமல் தானே காய்ந்து, ஒரு நாள் வெடித்து விடும். கீசர் போட்டதும் உள்ளே புஸ்புஸ் என்றோ சோளம் பொரிவதுபோலவோ சத்தம் கேட்டால் படிவு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அனோடு ராடு செய்யும் வேலை வேறு. கீசரின் உள்தொட்டி பெரும்பாலும் இரும்பு, அதன்மேல் கண்ணாடிப் பூச்சு. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் இரும்பு அரிக்கத் தொடங்கும். மெக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் அரிபடும் உலோகம். அதனால் அரிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தான் கரைந்து தொட்டியைக் காக்கும். 1953இலிருந்து நம் காரைக்குடியிலேயே இயங்கும் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், உலோக அரிப்பு ஒரு முக்கிய ஆராய்ச்சித் துறை. ஆனாலும் நம் ஊர் வீடுகளில் பத்தில் எட்டுப் பேர் அனோடு ராடு என்று ஒன்று இருப்பதையே அறியாமல் இருக்கிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். ராடு கரைந்து முடிந்த நாளிலிருந்து கரைவது தொட்டிதான். துரு நிறத் தண்ணீரும் அடியில் ஒழுக்கும் அதன் கடைசிக் கட்டம். உங்கள் கீசருக்கு இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்பது வருடத்தில் ராடை ஒரு முறையாவது மாற்றினீர்களா என்று அப்பச்சியைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டை விழுந்த தொட்டியை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பற்ற வைத்த சூட்டில் சுற்றியுள்ள கண்ணாடிப் பூச்சும் உதிர்ந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்ப்பது. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் தெருக்களில் நான் மாட்டிய கீசர்கள் பத்து வருடம் தாண்டியும் நன்றாக ஓடுகின்றன. போர்வெல் தண்ணீரை மட்டும் நம்பும் வீடுகளில் நாலு வருடத்தில் காயில் போய்விடுகிறது. ஒரே தெருவில் இரண்டு போருக்குக்கூட வித்தியாசம் இருக்கும். சோப்பு நுரைக்கவில்லை, குழாய் வாயில் வெள்ளை மொருமொருப்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவு என்றால் கடினத் தண்ணீர்தான். எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600வரை. 300ஐத் தாண்டினால் கீசருக்குக் கண்டிப்பாகத் தனிக் கவனம் வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. குழாயில் மாட்டும் காந்தத்தில் படிவு நிற்கும் என்று விற்கிறார்கள். மாட்டிய வீடுகளிலும் நான் அதே சில்லுகளைத்தான் அள்ளியிருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு வந்த யோசனைகளைப் பார்ப்போம்.

இன்ஸ்டன்ட் கீசர். 3 கிலோவாட் காயில், நம் ஊர்த் தொட்டித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 41க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தரும். 20 லிட்டர் வாளி நிரம்ப ஏழு நிமிடம் ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சங்கடம் வோல்டேஜில் இருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் சக்தி மூன்றில் இரண்டு பங்காக இறங்கிவிடும், அதாவது 3 கிலோவாட் 2 ஆகிவிடும். விடியற்காலை எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் வயதானவருக்கு வெதுவெது என்றுதான் வரும். தொட்டி சின்னது, தண்ணீர் காயிலை ஒட்டியே ஓடும், உப்புத் தண்ணீரில் படிவு சீக்கிரம் ஏறும். தவிர 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், பழைய வயரிங் தாங்காது. சமையற்கட்டில் பாத்திரம் கழுவ இது நல்ல சாமான். ஆத்தா அப்பச்சி குளிக்க வேண்டாம்.

கேஸ் கீசரை உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் குளியலறைக்குள் அதை வைக்கவே வேண்டாம். நம் பின்கட்டுக் குளியலறைகள் சின்னவை, மேலே ஒரே ஒரு சிறு ஜன்னல். கதவைச் சாத்திக் குளிக்கும்போது கேஸ் எரிந்து காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தலை கிறுகிறுக்கும், கதவைத் திறக்குமுன் விழுந்துவிடுவார். இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி உயிர்கள் போகின்றன. வெளிச்சுவரில் திறந்த வெளியில் மாட்டிக் குழாய் மட்டும் உள்ளே கொண்டுவரலாம். அப்படியானாலும் 80 வயதுக்காரர் சிலிண்டர், ரெகுலேட்டர் என்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சோலாருக்கு வருவோம். செட்டிநாட்டு வெயிலுக்குச் சோலார் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நமக்கு வெந்நீர் எப்போது வேண்டும் என்று யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில், வானம் மூடிக் கிடக்கும் வடகிழக்குப் பருவமழையில். அப்போதுதான் சோலார் குறைவாகத் தரும். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே மத்தியானம் கை வைக்க முடியாமல் கொதிக்கும், சோலாரில் ஆவி பறக்கும், குளிக்க ஆள் இருக்காது. கடினத் தண்ணீர் வேறு. கண்ணாடிக் குழாய் வகையில் குழாயின் அடியில் படிவு சேரும், தட்டை வகையில் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைபடும். எடையும் உண்டு. 100 லிட்டர் சோலார் தண்ணீரோடு சேர்த்து 150 கிலோவுக்குக் குறையாது. ஓட்டுக்கூரையில் ஏற்றவே கூடாது, மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிப் போட்ட நூறு வருட மெட்ராஸ் டெரஸ் தளத்தில் பொறியாளர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. பின்னால் புதிதாகப் போட்ட கான்கிரீட் தளம் இருந்து, தண்ணீரும் நல்லதாக இருந்து, வருடம் முழுக்க நாலைந்து பேர் குளிக்கும் வீடாக இருந்தால் நானே சோலாரைத்தான் சொல்வேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை விடுதியாக்கியவர்களுக்கு ஹீட் பம்பு பொருந்தும். சுற்றுக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் விடும் எந்திரம் அது, சாதாரணக் கீசருக்கு ஆகும் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். இரண்டு பேர் வீட்டுக்கு அவ்வளவு முதல் போடத் தேவையில்லை.

ஆக உங்களுக்குச் சரியானது தொட்டி வைத்த மின்சாரக் கீசர், 15 லிட்டர், 2 கிலோவாட். 25 லிட்டர் இருந்த இடத்தில் 15 போதுமா என்பீர்கள். கணக்குப் பாருங்கள். 60 டிகிரி வெந்நீர் 15 லிட்டரை 27 டிகிரித் தண்ணீரில் கலந்து 40 டிகிரியாக்கினால் 38 லிட்டர் வரும். வெந்நீர் எடுக்க எடுக்கப் பச்சைத் தண்ணீர் உள்ளே வந்து கலப்பதால் கைக்குக் கிடைப்பது முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை வாளி. மோந்து குளிக்கும் பெரியவருக்கு அது தாராளம். அடுத்தவருக்கு மறுபடி காய 17 நிமிடம். ஒரு தரம் காய 0.58 யூனிட்டுதான். 25 லிட்டருக்கு 29 நிமிடமும் ஏறக்குறைய ஒரு யூனிட்டும் ஆகும். ஆத்தா குளிக்கப் பத்து லிட்டர் எடுத்தாலும் மீதி பதினைந்தையும் காய வைத்து ஆற விடுவது வீண்தானே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் கூட வேண்டும், அதற்கு இரண்டு தடவை காயவைத்துக்கொள்ளலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை. உள்தொட்டி கண்ணாடிப் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். கடலோரம் போகப் போக போரில் உவர்ப்பு கூடும், அங்கே ஸ்டீல் தொட்டியிலும் குளோரைடு புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். அனோடு ராடு தடிமனானதா, உங்கள் ஊரில் உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத மாடலை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் விட்டுவிடுங்கள். காயில் வெறும் செம்பு உறையாக இல்லாமல் இன்கலாய் என்ற நிக்கல் கலந்த உலோக உறையாக இருந்தால் படிவையும் சூட்டையும் கூடத் தாங்கும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2082 என்ற எண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும். கேரண்டி அட்டையில் பெரிய எழுத்தில் தொட்டிக்கு ஏழு வருடம் என்றிருக்கும். சின்ன எழுத்தில் தண்ணீரின் கடினத்தன்மை இத்தனைக்குள் இருக்க வேண்டும், அனோடு மாற்றியிருக்க வேண்டும் என்றும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைக் கடையிலேயே நின்று படியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஐந்தாம் வருடம் தொட்டி போய், அந்த ஒரு வரியால் கம்பெனிக்காரர்கள் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

ஸ்டார் விஷயத்தில் மட்டும் என் கருத்து விற்பவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகாது. கீசரின் ஸ்டார், காய்ந்த தண்ணீர் நாள் முழுக்க எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. இருபது நிமிடம் போட்டு, குளித்து, அணைத்துவிடும் உங்கள் வீட்டில் நாலு ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தை எர்த்துக்குச் செலவழியுங்கள். 8 பார் அழுத்தம் தாங்கும் என்பார்கள். பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தாலே 1 பார்தான். பிரஷர் பம்பு வைத்திருந்தால் மட்டும் இதைக் கவனியுங்கள்.

எர்த் என்றேனே, இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள். பழைய வீடுகளில் தேக்கு ரீப்பரில் ஓடும் வயரிங்கில் எர்த் கம்பியே இருக்காது, மூன்று ஓட்டை பிளக் மாட்டியிருந்தாலும் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமிருக்காது. படிவு ஏறிக் காயில் உறை வெடித்தால் கரண்டு நேரே தண்ணீருக்கு வரும். எர்த் இல்லாவிட்டால் அது குளிக்கிறவர் உடம்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும். கிணற்றடிப் பக்கம் ஈர மண்ணில் புதிதாக எர்த் குழி போடச் சொல்லுங்கள். மெயினிலிருந்து கீசருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்து, லோடு மீறினால் தானே விழும் 16 ஆம்பியர் எம்சிபி, கரண்டு கசிந்தால் தானே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் வைக்க வேண்டும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். ஆர்சிசிபியில் சோதனைப் பொத்தான் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்தினால் விழ வேண்டும். அப்பச்சியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

சுவர். 15 லிட்டர் கீசர் தண்ணீரோடு இருபத்தைந்து கிலோ வரும். சுண்ணாம்புக் காரையில் பிளாஸ்டிக் ராவல் பிளக் நிற்காது, ஒரு நாள் பெயர்ந்து விழும். செங்கல் வரை போகும் நீள ஆங்கர் போல்ட் வேண்டும், இல்லாவிட்டால் தரையிலிருந்து ஆங்கிள் சட்டம். பின்னாளில் சிமென்ட் வைத்துக் கட்டிய தடுப்புச் சுவர் இருந்தால் அதுவே உத்தமம். குளியலறையைத் தாண்டி நடுக்கட்டுவரை வெந்நீர்க் குழாய் இழுக்க வேண்டாம். அரை அங்குலக் குழாயில் பதினைந்து மீட்டருக்கு இரண்டு லிட்டர் ஆறிக் கிடக்கும், ஒவ்வொரு தடவையும் அதைக் கொட்டித்தான் வெந்நீர் பிடிக்க வேண்டும்.

மாட்டியபின் கீசரின் அடியில் ஒரு வால்வு சொட்டும். தண்ணீர் காயும்போது விரியும். 15 லிட்டர் காய்ந்தால் கால் லிட்டர் அளவுக்கு வெளியே வர இடம் வேண்டும், அதற்குத்தான் அந்த வால்வு. ஒழுகுகிறது என்று நினைத்து அதில் ஆப்பு அடித்து அடைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அழுத்தம் வெளியேற வழியில்லாத கீசர் வெடிகுண்டுதான். சின்னக் குழாய் மாட்டித் தரைக்கு விட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 50இல் வையுங்கள். மேலே போட்ட கணக்கு 60க்கு, 50இல் கிடைக்கும் வெந்நீர் அதைவிடக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. படிவும் குறையும், அப்பச்சி கை தவறிக் குழாயைத் திறந்தாலும் தோல் வெந்துபோகாது. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையை வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

வருடம் ஒரு முறை, புரட்டாசியில், மழைக்கு முன் அடி மூடியைத் திறந்து சில்லுகளை அள்ளி, காயிலைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்துச் சுத்தம் செய்து, அனோடு பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ராடு சில நூறு ரூபாய்தான். அந்த அமில வாளியை வளவிலோ பட்டாலையிலோ வைக்க விடாதீர்கள். அங்கே தரையில் பதித்திருக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது, ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் பூவின் நிறம் வெளிறிப் போகும், திரும்ப வராது. கிணற்றடியிலேயே வேலை நடக்கட்டும்.

பெற்றோரை நீங்கள் பெங்களூருக்கு இரண்டு மாதம் அழைத்துப் போகும்போது கீசரின் கரண்டை அணைத்து, தண்ணீரையும் வடித்துவிடுங்கள். திரும்பி வந்த அன்று எல்லோரும் செய்யும் தவறு, களைப்பில் முதலில் சுவிட்சைத் தட்டுவது. உள்ளே தண்ணீர் இல்லாமல் காயில் காய்ந்தால் சில நிமிடத்தில் கருகிவிடும். மாடித் தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றுப் போய்த் தண்ணீர் சீராக விழுந்த பிறகே சுவிட்ச். வடிக்காமல் போயிருந்தால் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் வரும். நின்ற தண்ணீரில் வளரும் பாக்டீரியா மெக்னீசியத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பழையதைக் கொட்டிவிட்டு, ஒரு தரம் 60க்கு மேல் காயவைத்து அதையும் திறந்துவிட்டால் போய்விடும்.

சதாபிஷேகத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்து 50 லிட்டர், 100 லிட்டர் என்று வாங்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சாமான் அறையில் செம்பு பாய்லர் ஒன்று நிச்சயம் கிடக்கும். ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து ஒழுக்கு இருந்தால் பற்ற வைத்து வாங்குங்கள். நடுக்குழலில் தேங்காய்ச் சிரட்டையும் மட்டையும் போட்டால் விடியற்காலை நாலு மணியிலிருந்து அறுபது பேர் குளிக்கலாம், கரண்டு போனாலும் கவலையில்லை. வெட்ட வெளியில், கிணற்றடிக்கு அந்தப் பக்கம் வையுங்கள். வளவு முற்றத்தில் மழை பெய்தபோது அண்டாவில் பிடித்த தண்ணீர் இருந்தால் அதை ஊற்றுங்கள், பாய்லரில் படிவே விழாது.

பழைய கீசரை எடைக்குப் போடும் முன் அடி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அனோடு ராடும் காயிலும் எப்படி இருக்கின்றன என்று படம் எடுத்து அனுப்பினால், புதியதற்கு ராடு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.